மூக்கர் சொன்னால் இறங்கலாம்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அவர் மனைவிக்கே யோசித்தால்தான் நினைவுக்கு வரும். ஊருக்கெல்லாம் அவர் மூக்கர். பெரிய மூக்கு என்று நினைத்துவிடாதீர்கள். சப்பை மூக்கு. அவசரத்தில் பிடித்து வைத்த மாதிரி இருக்கும். ஆனால் அந்த மூக்கை செப்டிக் டேங்கின் வாயருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்தாரென்றால், உள்ளே ஆள் இறங்கலாமா கூடாதா என்று சொல்லிவிடுவார். தொட்டியில் இறங்குகிற ஆட்கள் லாரிக்காரர் பேச்சையும் கேட்கமாட்டார்கள், வீட்டுக்காரர் பேச்சையும் கேட்கமாட்டார்கள். மூக்கர் தலையாட்டினால்தான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொள்வார்கள்.

கேட்க வேடிக்கையாக இருக்கும். இருக்கிற வேடிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு அதற்கு இடமிருக்காது.

அவருடைய அம்மா வாளி எடுத்தவர். இன்றைக்குக் குழாயைத் திருகிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு வாளி எடுப்பது என்றால் என்னவென்று தெரியாது. அப்போதெல்லாம் கக்கூஸ் என்பது வீட்டின் கடைசியில் ஒரு சின்ன அறை. உட்காரும் மேடையில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குக் கீழே ஒரு தகர வாளி. அறையின் பின்சுவரில், தரையை ஒட்டி, ஒரு சிறிய இரும்புக் கதவு. அது பின்சந்தைப் பார்த்துத் திறக்கும். அம்மா விடிவதற்குள் அந்தச் சந்தில் நுழைந்து, ஒவ்வொரு கதவாகத் திறந்து, வாளியை இழுத்து, தள்ளுவண்டிப் பீப்பாயில் கவிழ்த்து, ஒரு கை சாம்பல் தூவி மறுபடி உள்ளே தள்ளுவார். திறப்பதற்கு முன் கதவைத் தட்ட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் இருமுவார்கள். அந்த வீட்டுக்காரர்கள் ஆயுள் முழுக்க அம்மாவோடு பேசிய பேச்சு அந்த இருமல் ஒன்றுதான்.

சில பெரிய மனிதர்கள் அதுகூடச் செய்யமாட்டார்கள். ஒரு வாளிக்காரிக்காக இருமுவது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். அம்மா திறந்து, பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டு, பட்டென்று மூடுவார். மத்தியானம் அதே வீட்டிலிருந்து அதே மனிதர் கோட்டு மாட்டிக்கொண்டு மிடுக்காகக் கிளம்புவார். தெருமுனையில் நிற்கும் அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். "முன்பக்கம் பார்த்தா எல்லாரும் துரைதான்டா" என்று மகனிடம் சொல்வார்.

மகனுக்கு மூக்கு தேறியது அந்தச் சந்தில்தான். நாற்றம் என்றால் மற்றவர்களுக்கு ஒரே நாற்றம். அவருக்கு அது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் வேறு. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவர் எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தும் பொத்திய கைகள் இறங்கவில்லை. பிறகு அவரே போவதை நிறுத்திக்கொண்டார்.

அப்புறம் தண்ணீர்க் கக்கூஸ் வந்தது. தலைக்கு மேலே இரும்புத் தொட்டி, அதிலிருந்து தொங்கும் சங்கிலி. முதலில் கட்டிய வீட்டில் பார்ப்பதற்குக் கூட்டம் கூடிவிட்டது. வீட்டுக்கார அம்மா ஒவ்வொருவராக உள்ளே விட்டுச் சங்கிலியை இழுத்துக் காட்டினாராம். தண்ணீர் இடித்துக்கொண்டு இறங்கிய சத்தத்தில் ஒருத்தர் செருப்பை விட்டுவிட்டு வெளியே ஓடினார். இன்னொரு வீட்டில் தண்ணீர்க் கக்கூஸ் கட்டிப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். விருந்தாளி வந்தால் மட்டும் திறப்பார்கள். அழுக்காகிவிடுமே என்று குடும்பம் மொத்தமும் பழைய ஓட்டையிலேயே உட்கார்ந்தது. இந்தக் கூத்தையெல்லாம் மூக்கர் டீக்கடையில் சொன்னால் பெஞ்சு குலுங்கும்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பின்சந்தின் இரும்புக் கதவுகளைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். இனிமேல் மனிதன் மலத்தை மனிதன் சுமக்க வேண்டாம் என்று மேடை போட்டுப் பேசினார்கள். அதைக் கேட்க அம்மா இல்லை, காமாலை கொண்டுபோய்விட்டது. பேசியவர்களுக்கு ஒரு விஷயம் தோன்றவேயில்லை. சங்கிலியை இழுத்ததும் கீழே போனது எங்கேயும் போய்விடவில்லை. அவரவர் காலுக்கடியில் ஒரு தொட்டிக்குள் கிடந்தது. தொட்டி என்றால் ஒருநாள் நிரம்பத்தான் செய்யும். நிரம்பினால் கூப்பிட ஆள் வேண்டும். யாரைக் கூப்பிட்டிருப்பார்கள்? வாளி எடுத்தவர்களின் பிள்ளைகளைத்தான். அம்மா குனிந்து எடுத்ததை மகன் இடுப்பளவு இறங்கி எடுத்தார். இதற்குப் பெயர் முன்னேற்றம் என்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

தொட்டிக்குள் என்னவெல்லாம் கிடைக்கும் என்று அவரைக் கேட்க வேண்டும். பல்செட்டு, மூக்குக் கண்ணாடி, கைப்பேசி, சாவிக்கொத்து, பொம்மையின் தலை. ஒரு வீட்டில் கிடைத்த பல்செட்டைக் கழுவிக் கொடுத்தபோது வீட்டுக்காரர் தன்னுடையது இல்லையென்று சாதித்துவிட்டார். "உங்களுது இல்லேன்னா வேற யாரோ உங்க வீட்டுக் கக்கூஸ்ல வந்து பல்லைக் காட்டிட்டுப் போயிருக்காங்க சார்" என்றாராம் மூக்கர். மறுநாள் அந்த மனிதரின் மனைவி ஆளனுப்பி வாங்கிக்கொண்டார்.

வேலை செய்கிற முறை இதுதான். மூடியைத் திறந்து ஆறப்போடுவார்கள். லாரியிலிருந்து தடித்த குழாயை விட்டுத் தண்ணீரை உறிஞ்சுவார்கள். அடியில் களிமண் மாதிரி இறுகிக் கிடக்கும் சகதியைக் குழாய் இழுக்காது. அதை வெட்டி வாளியில் ஏற்ற ஆள்தான் இறங்க வேண்டும். உள்ளே விஷவாயு இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மூக்கர் தொட்டி வாயில் மண்டியிட்டு மோந்து பார்ப்பார். "முட்டை இருக்கு" என்றால் எல்லோரும் பீடி பற்றவைக்கத் தூரமாகப் போய்விடுவார்கள். "முட்டை போயிடுச்சு" என்றால் இறங்கலாம்.

இது பாதி உண்மைதான். அந்த வாயு கொஞ்சமாக இருக்கும்போது நாறும். அதிகமாகிவிட்டால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும், நாற்றம் நின்றுவிட்ட மாதிரி இருக்கும். இதை அந்த ஆட்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் தொட்டிப் பக்கம் வருவதில்லை. மூக்கரும் பல வருடம் இறங்கியவர்தான். ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்காமல் போனபிறகு மேலே நின்றுவிட்டார். இத்தனை நாள் அவர் வார்த்தையை நம்பி இறங்கியவர்கள் ஏறி வந்ததில் பாதி அவர் மூக்கு, பாதி அதிர்ஷ்டம்.

இறங்கியவர்களில் முக்கியமானவன் அவருடைய தங்கையின் கணவன். மூக்கர் "மாப்ளே" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, லாரிக்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை ஆகிவிட்டான். தொட்டியில் இறங்குகிறவர்களில் குடிக்காதவர்கள் கிடையாது. குடிக்காமல் எப்படி இறங்குவது, நீங்களும் நானும் இறங்குவோமா? மாப்பிள்ளையும் குடித்துக்கொண்டிருந்தவன்தான். ஒருநாள் மகளைக் கொஞ்சப் போனபோது குழந்தை முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டது. "தொழில் நாத்தத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாது. சாராய நாத்தமாவது நம்ம கையில இருக்கு" என்றான். அன்றோடு சரி.

தங்கை இதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பெருமைப்பட்டுக்கொள்ள அவளிடம் வேறு என்ன இருந்தது? ஒழுகுகிற வாடகை வீடு, கதவு சாத்தாத பொதுக் கழிப்பறை. "எங்க வீட்டுக்காரர் பச்சைத்தண்ணியைக் குடிச்சிட்டு இறங்குறவரு" என்று சொல்லும்போது அவள் கழுத்து கொஞ்சம் நிமிரும்.

அந்த வருடம்தான் மூக்கருக்கு மூக்கு போனது. போனது அவருக்கே முதலில் தெரியவில்லை. சாப்பாடு சப்பென்று இருந்தது, மனைவியின் கைப்பக்குவத்தைக் குறை சொன்னார். ஒருநாள் சமையலறையில் உட்கார்ந்து செருப்பு தைத்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து வந்த மனைவி வாசலிலேயே அலறினாள்.

"கேஸ் திறந்து கிடக்கு! வீடே நாறுது, நீங்க பாட்டுக்கு உக்காந்திருக்கீங்க?"

"நாறுதா?" என்றார்.

அவள் கேஸை மூடி ஜன்னலைத் திறந்துவிட்டு அவரையே பார்த்தாள். "கண்ணை மூடுங்க" என்றாள். மூக்கினடியில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நீட்டினாள். ஃபினாயிலை சோப்பு என்றார். மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்றார். நறுக்கிய வெங்காயத்துக்குக் கண் எரிந்ததால் சரியாகச் சொன்னார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஜலதோஷம்னு நெனச்சேன்."

"வருஷத்துக்கும் ஜலதோஷமா? உங்க வாயைப் பாத்துக்கிட்டு ஆளுங்க உள்ள இறங்குறாங்க. நாளைக்கே சொல்லிடுங்க."

"சொல்லிட்டு? இந்த முட்டியை வச்சுக்கிட்டு வேற என்ன வேலை பாக்கறது?" பிறகு உண்மையான காரணத்தைச் சொன்னார். "ஊரே மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் எங்கிட்ட பேசும். இந்த மூக்குக்கு மட்டுந்தான் மரியாதை குடுத்தாங்க. அதுவும் போச்சுன்னு எந்த வாயால சொல்றது?"

"ஊருக்குச் சொல்ல வேண்டாம். உங்க தங்கச்சி வீட்டுக்காரர்கிட்டயாவது சொல்லுங்க. அவரு குடிக்கிறதில்ல, அவரு மூக்கு நல்லா இருக்கும். அவரே பாத்துக்குவாரு."

"சொல்றேன்" என்றார். சொல்லவில்லை. இன்றைக்கு வெயில், நாளைக்குக் கூட்டம், மறுநாள் மாப்பிள்ளைக்கு மனசு சரியில்லை. சொல்லாமல் இருப்பதற்குக் காரணமா கிடைக்காது? அதற்குப் பதிலாக ஒரு தந்திரம் பழகிக்கொண்டார். மூடியைத் திறந்ததும் மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார். முகம் சுளித்திருந்தால் முட்டை இருக்கிறது. சுளிப்பு மாறினால் போய்விட்டது. ஒப்புக்கு மண்டியிட்டு மோந்துவிட்டு, கடைக்கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவார். பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. தனக்கு இன்னும் கொஞ்சம் மூக்கு இருக்கிறது என்றுகூட அவர் சில நாள் நம்பினார், பாவம்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு தங்கும் விடுதி. அங்கே ஒரு காலையில் எல்லா மாடியிலும் கக்கூஸ் எதிர்த்துக்கொண்டு வந்துவிட்டது. படிக்கட்டில் தண்ணீர் இறங்கியது. தங்கியிருந்தவர்கள் பெட்டியோடு வந்து கத்திக்கொண்டிருந்தார்கள். விடுதிக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. போன் மேல் போன் போட்டு லாரியை வரவழைத்தார். லாரிக்காரர், மூக்கர், மாப்பிள்ளை மூன்று பேரும் போனார்கள். கூட வழக்கமாக வரும் ஆட்கள் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள்.

தொட்டி முற்றத்துக்கு அடியில் இருந்தது, இரண்டு அறை. முதல் அறையைக் குழாயே காலி செய்துவிட்டது. அடைப்பு இரண்டாவது அறையில். அதன் மூடி புது டைல்ஸுக்கு அடியில் புதைந்து கிடந்தது. டைல்ஸ் கெடக்கூடாது என்று விடுதிக்காரர் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் வெட்டச் சொன்னார். எத்தனையோ வருடமாகக் காற்றுப் படாத அறை அது. தண்ணீரை உறிஞ்சினார்கள். அடியில் சகதி அப்படியே இருந்தது.

விடுதிக்காரர் விருந்தாளிகளுக்காக முற்றம் முழுக்க ஃபினாயிலை ஊற்றியிருந்தார். அவரும் லாரிக்காரரும் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கண் மட்டும் தெரிய நின்றார்கள். மாப்பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு கட்டிக்கொண்டிருந்தான். மூக்கர் மண்டியிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார். படிப்பதற்கு ஒரு முகமும் இல்லை.

மோந்தார். ஒன்றும் இல்லை. அவருக்கு எங்கேயும் எப்போதும் ஒன்றும் இல்லைதான்.

"என்ன பெரியவரே, இறங்கலாமா இல்லையா? ரூம் எடுத்தவங்க காசைத் திருப்பிக் கேக்கறாங்க" என்றார் விடுதிக்காரர்.

மாப்பிள்ளை திரும்பி வந்து ஓட்டைமேல் குனிந்தான். "மச்சான், எனக்கு லேசா முட்டை வர்ற மாதிரி இருக்கே" என்றான்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியலை மாப்ளே, உன் மூக்கை நம்பு என்று நாலு வார்த்தை. வாயைத் திறந்தார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் விடுதிக்காரர் துண்டுக்குள்ளிருந்து சிரித்தார். "இங்க மூக்கர் யாருப்பா, நீயா அவரா?"

சுருக்கென்று தைத்தது. "அது முதல் அறை நாத்தம், உன் சட்டையில ஒட்டியிருக்கு மாப்ளே" என்றார் மூக்கர். "இங்க போயிடுச்சு. இறங்கு."

"நீங்க சொன்னா சரிதான் மச்சான்" என்றான் அவன். இறங்கினான்.

மண்வெட்டி இரண்டு முறை சகதியில் விழுந்தது. மேலோடு உடைந்து ஏதோ கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மூக்கர் கயிற்றை இழுத்தார். லாரிக்காரர் இழுத்தார். மேலே வந்தவன் தோள் ஓட்டையில் சிக்கிக்கொண்டது. லாரிக்காரர் கடப்பாரையை எடுக்க, விடுதிக்காரர் குறுக்கே வந்தார். "டைல்ஸை உடைச்சிடாதீங்க, புதுசு, வேற வழி பாருங்க." வேற வழி பார்க்கச் சொன்னார், கேட்டீர்களா? லாரிக்காரர் அவரைத் தள்ளிவிட்டு உடைத்தார். உள்ளே குதிக்கப் போன மூக்கரை இடுப்போடு பிடித்து இழுத்துக் கீழே போட்டார். மாப்பிள்ளையை வெளியே எடுத்துக் கிடத்தியபோது அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை. மூக்கர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அவனைக் கழுவிக்கொண்டேயிருந்தார். மாடி ஜன்னல்களில் விருந்தாளிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எட்ட நின்றபடியே மூச்சுத் திணறல் என்று எழுதி அனுப்பிவிட்டார். ரத்தம் எடுக்கவில்லை, வேறு எதையும் பார்க்கவில்லை. சாயந்திரத்துக்குள் ஒரு கதை தயாராகிவிட்டது. குடித்துவிட்டு வந்தானாம், யாரும் சொல்லாமலே உள்ளே குதித்தானாம். விடுதி முற்றத்தில் ஒரு காலி பாட்டில்கூடக் கிடைத்ததாம். கடப்பாரையால் உடைத்த லாரிக்காரரே மறுநாள் அதைத்தான் சொன்னார். அவருக்கும் லாரியும் பிள்ளை குட்டியும் இருந்தன. குடிகாரன் தானாக விழுந்து செத்தால் யார்மேலும் குற்றமில்லை. செத்தவன் எழுந்து வந்து இல்லையென்று சொல்லப் போகிறானா?

தங்கைக்கு அந்தக் கதை காதில் விழுந்தபோது அவள் அழுகை நின்றுவிட்டது. "குடிச்சாருன்னா சொல்றாங்க?" என்று ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டாள். "அவரையா?" மற்ற எல்லாம் போனபிறகு அவளுக்கு மிஞ்சியது அவன் குடிப்பதில்லை என்பது ஒன்றுதான். அதையும் பிடுங்க வந்துவிட்டார்கள்.

விசாரிக்க இன்ஸ்பெக்டர் அவள் வீட்டுக்கே வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது, களைத்துப்போன மனிதர். மூக்கரை எதிரே உட்காரச் சொன்னார். தங்கை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உள்வாசலில் உட்கார்ந்திருந்தாள். மூக்கரின் மனைவி அவளுக்குப் பின்னால் நின்றாள்.

"இறங்கச் சொன்னது யாரு?"

"விடுதிக்காரர் அவசரப்படுத்தினாருங்க. நான் மோந்து பாத்து, இறங்கலாம்னு சொன்னேன்."

"அப்போ வாயு?"

"சகதியைக் கிளறினப்ப வந்திருக்கும்."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு நிமிர்ந்தார். "விடுதிக்காரரும் லாரிக்காரரும் இந்த ஆளு குடிச்சிருந்தான்னு சொல்றாங்க. உங்க மூக்கைப் பத்தி ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. பக்கத்துல நின்னது நீங்கதான். சாராய வாடை வந்துச்சா? வந்துச்சுன்னா வந்துச்சு, இல்லேன்னா இல்ல. நீங்க சொல்றதை எழுதிட்டுப் போறேன்."

மூக்கர் தங்கையைப் பார்த்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மனைவியைப் பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள். தனக்கு வாசனையே தெரியாது என்று சொன்னால் அது நிஜம். அந்த நிஜத்தை எழுதிக்கொண்டு போனால் மாப்பிள்ளை காலத்துக்கும் குடிகாரன்.

"துளி வாடை இல்லைங்க" என்றார்.

"நிச்சயமா?"

"என் மூக்கு தப்பாது."

அது எடுபட்டது. அந்த ஊரில் அவர் மூக்கை எதிர்த்து யார் சாட்சி சொல்வார்கள்? லாரிக்காரர் முதலில் வாயை மூடிக்கொண்டார், விடுதிக்காரர் பிறகு. குடித்திருந்தான் என்ற பேச்சு அதோடு அடங்கியது. வழக்கு விடுதிக்காரர் பக்கம் திரும்பியது.

இன்ஸ்பெக்டர் போனதும் தங்கை ஓடிவந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள். "நீ இல்லேன்னா அவரைக் குடிகாரன்னே எழுதியிருப்பாங்கண்ணா. உன் மூக்குக்கு நான் என்ன செய்யப்போறேன்?" வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். அண்ணன் மூக்குதான் அவர் மானத்தைக் காப்பாற்றியது என்றாள். மூக்கர் வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காராமல் நின்றபடியே கிளம்பிவிடுவார். வசை வாங்கியிருந்தால் தாங்கியிருப்பார். நன்றியை அவரால் தாங்க முடியவில்லை.

ஒரு மத்தியானம் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டார். கேஸ் திறந்து கிடந்ததிலிருந்து தொடங்கி, முகம் பார்த்துச் சொன்ன தந்திரம் வரை. தங்கை துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கேட்கக் கேட்க மடிப்பது மெதுவானது.

"அவரு நாத்தம் வருதுன்னு சொன்னாரா?"

"சொன்னான்."

"நீ இல்லேன்னு சொன்னே."

"ஆமா."

"உனக்கு வராதுன்னு தெரிஞ்சே சொன்னே."

"வெக்கமா இருந்துச்சு" என்றார். அதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார், இல்லை. "ஸ்டேஷனுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிடறேன். என்னை என்ன வேணா பண்ணட்டும்."

அவள் எழுந்தாள். அடிப்பாள் என்று நினைத்தார், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அவள் கதவருகே போய் நின்றாள்.

"போகாதே" என்றாள். "மூக்கே இல்லாதவன் சொன்ன சாட்சி எப்படி நிக்கும்? மறுபடி குடிகாரன்னு எழுதுவாங்க. இவ வளந்து, அப்பா குடிச்சிட்டுச் செத்தாருன்னு கேக்கணுமா?"

"அப்போ நான் என்ன பண்றது?"

"மூக்கராவே இரு. சாகிற வரைக்கும் இரு. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. இங்க மட்டும் வராதே."

அவர் போனார். அதற்கப்புறம் அவர் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, தெருவில் எதிரே வந்தால் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடுவாள். மனைவி மட்டும் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவாள், வந்து ஒன்றும் சொல்லமாட்டாள்.

லாரிக்காரர்கள் மறுபடி கூப்பிட வந்தார்கள். போலீசே ஏற்றுக்கொண்ட மூக்கு என்று அதற்கு இப்போது மவுசு கூடியிருந்தது. முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் போனார். போன இடமெல்லாம் மண்டியிட்டார், மோந்தார், எழுந்து ஒரே வார்த்தையைச் சொன்னார். முட்டை இருக்கு. காலையில் சொன்னார், சாயந்திரம் சொன்னார், மறுநாள் வந்து பார்த்தும் அதையே சொன்னார். வேலை கெட்டுப்போய் லாரிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். சிலர் அவரை விட்டுவிட்டு, குடித்துவிட்டு யாரையும் கேட்காமல் இறங்குகிற ஆட்களைப் பிடித்தார்கள். வயதாக ஆகக் கிழவருக்கு மூக்கு ரொம்பக் கூர்மையாகிவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

கடைசியாக அவரைக் கூப்பிட்டது ஒரு கல்யாண மண்டபத்துக்கு. இறங்க வந்திருந்தவன் புதிய ஆள், கயிற்றைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றான். மூக்கர் வழக்கம்போல முட்டை இருக்கு என்றார். அவன் ஓட்டையில் குனிந்து நன்றாக இழுத்துப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் வரலையே ஐயா?"

"எனக்கு வருது" என்றார் மூக்கர். "கயித்தை அவிழ்த்துட்டு வீட்டுக்குப் போ."